சமவாய்ப்பு விடுபடல்

ஆய்வில் ஓர் அளவீடு கிடைக்காமற்போவதற்கான வாய்ப்பு, ஏற்கெனவே பதிவான மதிப்புகளை மட்டுமே சார்ந்து, கிடைக்காத அந்த மதிப்பைச் சாராதிருக்குமானால், அது சமவாய்ப்பு விடுபடல் எனப்படும். இதனை வரையறுத்தவர் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் (1976). தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘சமவாய்ப்பு’ என்றும் இலங்கையில் ‘எழுமாற்று’ என்றும் வழங்கும் இவ்வடைமொழி, எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு என்ற பொருளை இங்கே தருவதில்லை. அத்தகைய இழப்பு ‘முழுச் சமவாய்ப்பு விடுபடல்’ எனத் தனியே வகைப்படுத்தப்படுகிறது.

உயிரிச் சமான ஆய்வில், அதாவது மூல மருந்தும் அதன் பொதுப்பெயர் மருந்தும் இரத்தத்தில் ஒத்த அளவிலும் வேகத்திலும் சேர்கின்றனவா என்று, ஒவ்வொரு தன்னார்வலருக்கும் இரண்டையும் வெவ்வேறு சுற்றுகளில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில், இவ்வேறுபாடு மிகுந்த கவனத்துக்குரியது. முதற்சுற்றில் மருந்துச் செறிவு மிகுந்து வாந்தியெடுத்த ஒருவர் இரண்டாம் சுற்றுக்கு வராவிட்டால், தன்னார்வலரை நிலைவிளைவாக, அதாவது ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிலைமதிப்பு உண்டெனக் கொள்ளும் மாதிரி, மருந்துகளின் வேறுபாட்டை ஒவ்வொருவருக்குள்ளும் மட்டுமே ஒப்பிடுவதால், அவருடைய முதல் அளவீட்டையும் பயனற்றதாக்கிவிடுகிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல் நிலைவிளைவுகளையே கோரியது. தன்னார்வலரைச் சமவாய்ப்பு விளைவாக, அதாவது ஒரு பரவலிலிருந்து வந்தவராகக் கொள்ளும் கலப்பு மாதிரியோ அந்த முதல் அளவீட்டையும் கணக்கில் சேர்க்கிறது. எனினும், வராமைக்கான காரணம் பதிவான செறிவில் அடங்கியிருந்தால்தான் அதன் முடிவு நம்பத்தக்கதாகும். இந்நிபந்தனையைக் கிடைத்த தரவைக் கொண்டே மெய்ப்பிக்க இயலாது. ஆதலால், இரு மருந்துகளின் விகிதத்துக்கான 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி 80 முதல் 125 விழுக்காட்டு எல்லைக்குள் அடங்கியதா என்று பார்த்தபின் மாதிரியைத் தேர்வது ஏற்கத்தக்கதன்று. ஆய்வுத் திட்டத்திலேயே அதனை எழுதிவைத்தல் வேண்டும்.