பால்பல் விழுதல்: பெங்களூர்க் குடும்ப வழக்கங்கள்

விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதித்துக் கூரைமேல் வீசுவது, பெங்களூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ், கன்னடக் குடும்பங்கள் இரண்டும் அறிந்த வழக்கம். இரண்டும் பால்பல்லுக்குச் சொல்லும் பெயரும் ஒன்றுதான். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகியது. ஆகவே அல்சூர்த் தமிழ்ப் பாட்டி 'பால் பல்லு' என்பதைப் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி 'ஹாலு ஹல்லு' என்கிறார். 1809இல் ஆங்கிலேயர் தண்டு (ராணுவக் குடியிருப்பு) அமைத்தது முதல் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழருக்கு, இந்த ஒரு விஷயத்தில் புதிதாகக் கற்க எதுவும் இருந்திருக்காது.

பல் ஆடத் தொடங்கியதும் குழந்தை அதை நாக்கால் நெம்பிக்கொண்டே இருக்கும். பொறுமையில்லாத அண்ணன்மார் நூலைக் கட்டி இழுப்பதும் உண்டு. பல் கையில் வந்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். பிறகு பசுஞ்சாணியில் சிறு உருண்டை பிடித்து, நடுவே பல்லை வைத்து மூடி, குழந்தையின் கையாலேயே வீசச் செய்வார்கள். காக்கை கண்ணில் பட்டால் புதுப்பல் முளைக்காது என்பது சில வீடுகளின் நம்பிக்கை. பல் வானத்தைப் பார்க்கக் கூடாது என்பார்கள் வேறு சிலர். சாணிப் பொதிவு இந்த இரண்டுக்கும் காப்பு. அதற்கு நடைமுறைப் பயனும் இருந்திருக்க வேண்டும்: அரிசியளவுப் பல் ஓட்டில் உருண்டு முற்றத்திலேயே விழுந்துவிடும், சாணியோ விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயில் ரத்தம் கண்டு மிரண்ட பிள்ளைக்கு, உடனே செய்ய ஒரு வேலையைக் கொடுப்பதுதான் இந்த வழக்கத்தின் மிகப் பெரிய நன்மை. அழுகை வீசும் குறியில் கரைந்துபோகிறது.

விழுந்த இடத்தை நாக்கால் தடவினால் தெத்துப்பல் வரும் என்ற எச்சரிக்கை இன்னும் பல வீடுகளில் கேட்கிறது. பல் முளைப்பதற்கும் சடங்குண்டு. மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று அஞ்சுவோர் உண்டு. முதல் பல் கண்டதும் குட்டிக் கொழுக்கட்டை செய்து குழந்தையின் தலையில் கொட்டுவது தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உள்ள வழக்கம்.

கூரைக்கு வீசுவது நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் கீழ்ப்பல்லைக் கூரைமேலும் மேல்பல்லை வீட்டுத் தரைக்கு அடியிலும் போடுவார்கள். புதுப்பல் அந்தத் திசையில் வளர வேண்டும் என்பது எண்ணம். இலங்கையில் சிங்களக் குழந்தைகள் பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதியது கேட்கிறார்கள். ஸ்பெயினில் எலி. லூயிஸ் கொலோமா 1894 வாக்கில் சிறுவன் அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோவுக்காக எழுதிய கதைவழி அந்த எலிக்குப் பெரெஸ் என்ற பெயர் நிலைத்தது. தலையணைக்கடியில் காசு வைக்கும் பல் தேவதை, அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் பரவியது.

அந்தத் தேவதை கதைப்புத்தகங்கள் வழியாகவும் கார்ட்டூன் வழியாகவும் பெங்களூர் அடுக்ககங்களுக்கும் வந்துவிட்டது. ஓட்டுக்கூரை இல்லை, சாணியைத் தேடிப் போக வேண்டும், மேலே வீசினால் மாடிவீட்டார் பால்கனி. அதனால் சிலர் துளசித் தொட்டியில் புதைக்கிறார்கள், சிலர் சிறு டப்பாவில் பத்திரப்படுத்துகிறார்கள். 2003இல் ஆய்வாளர் சோங்தாவ் ஷி குழுவினர் விழும் பால்பல்லின் கூழில் குருத்தணுக்கள் இருப்பதை வெளியிட்டபின், கட்டணம் வாங்கிப் பல்லைச் சேமிக்கும் தனியார் சேவைகளும் தோன்றின.

பால்பற்கள் மொத்தம் 20. பெரும்பாலும் 6 வயதளவில் கீழ் முன்பற்கள் முதலில் விழும். 12 வயதளவில் கடைசிப் பல் விழும். அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு வழிவிட வேர் கரைந்துவிடுவதால், கையில் கிடைக்கும் பல் வேரின்றி மேல்பகுதி மட்டுமாக இருக்கிறது. பழைய பல் விழுமுன்பே கீழ்வரிசையில் பின்னால் புதியது எட்டிப்பார்ப்பதும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் பால்பல் தானே விழுந்து, நாக்கு புதியதை முன்னால் தள்ளிவிடும். ஆடாமல் நின்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது, 6 வயதில் எந்தப் பல்லும் விழாமலே பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல். இதைப் பால்பல் என்று எண்ணிச் சொத்தையைக் கவனியாமல் விடுகிறார்கள். அது நிலைப்பல், போனால் இன்னொன்று முளைக்காது.