மெய்க்ஸ் ஓடுதளமும் ஆர்கன் துருத்தியும்

2019 ஜூன் மாசம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் திரும்ப வருதுன்னு ட்ரெய்லர் விட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்த்துட்டு, பொய் சொல்லலை, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தங்கமணி எழுந்து வந்து "ஊர்ல யாருக்காவது ஏதாவதா?"ன்னு கேட்டாங்க. விளையாட்டு சாஃப்ட்வேருக்கு அழறேன்னு எப்படிச் சொல்றது :-)

அந்த விளையாட்டைச் செஞ்ச ஏசஸ் ஸ்டூடியோவை 2009 ஜனவரியிலேயே மூடிட்டாங்க. 2012ல 'ஃப்ளைட்'னு ஒண்ணு வந்து, சில மாசத்துல அதுவும் நின்னு போச்சு. இனி அவ்வளவுதான்னு இருந்தவனுக்கு அந்த ட்ரெய்லர் எப்படி இருந்திருக்கும்!

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ப்ளஸ் டூ முடிச்சப்ப பைலட் ஆகணும்னு ஆசை. அப்பா எங்கேயோ விசாரிச்சுட்டு வந்து, பயிற்சிக்கு ஆகுற தொகையைச் சொன்னார். வீட்டை வித்தாலும் பத்தாது. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எங்க வீட்டுல எழலை. 1998ல நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் 98 பார்த்தேன். இடப்பக்கம் சிகாகோ கட்டிடங்கள், வலப்பக்கம் மிச்சிகன் ஏரி, நடுவுல ஒரு குட்டி ஓடுதளம். மெய்க்ஸ் ஃபீல்ட். நான் இறங்கக் கத்துக்கிட்டது அங்கேதான். ஏரியில விழுந்தது எத்தனை தடவைன்னு கேட்காதீங்க.

ஏன் சிகாகோ? இதை ஆரம்பிச்ச புரூஸ் ஆர்ட்விக் அந்தப் பக்கத்து ஆளு. இல்லினாய் பல்கலைக்கழகத்துல 1975ல விமானம் பறக்கிறதைக் கம்ப்யூட்டர் திரையில காட்டுறதைப் பத்தித்தான் ஆய்வேடு எழுதினார். அப்புறம் சப்லாஜிக்னு கம்பெனி வெச்சு, ஆப்பிள் 2க்கு ஒரு சிமுலேட்டர் செஞ்சார். 1982ல ஐபிஎம் பிசிக்கு மைக்ரோசாஃப்ட் பேர்ல வந்தது அதோட அடுத்த அவதாரம். ஐபிஎம்மைக் காப்பியடிச்சு வந்த கம்ப்யூட்டர்கள் உண்மையிலேயே ஒத்துப்போகுதான்னு பார்க்க, லோட்டஸ் 1-2-3யையும் இதையும்தான் ஓட்டிப் பார்ப்பாங்களாம்.

மெய்க்ஸ் கதை சோகமா முடிஞ்சது. 2003 மார்ச் 30 ராத்திரி, சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி ஓடுதளத்துல பெரிய பெரிய எக்ஸ் குறியா வெட்டிப் போட்டுட்டார். 16 விமானங்கள் உள்ளேயே மாட்டிக்கிச்சு. பயங்கரவாத பயம்னு காரணம் சொன்னார். எத்தனை பேர் நம்பினாங்களோ, நான் நம்பலை. 2006ல வந்த எஃப்எஸ்எக்ஸ்ல மெய்க்ஸ் இல்லவே இல்லை.

"கேம் விளையாடி விமானம் ஓட்டக் கத்துக்க முடியுமா?" எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்வி. எட்வின் லிங்க்கையும் இப்படித்தான் கிண்டல் பண்ணியிருப்பாங்க. நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன்ல அவங்க அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யிற தொழிற்சாலை வெச்சிருந்தார். பறக்கக் கத்துக்க லிங்க்குக்கும் என்னை மாதிரியே காசுதான் பிரச்சினை. ஆர்கனுக்குக் காத்து ஊதுற துருத்தியையும் பம்பையும் வெச்சு, ஸ்டிக்கைச் சாய்ச்சா தானும் சாயிற ஒரு பொம்மை விமானத்தை 1929ல முடிச்சார். அதை வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க? பொழுதுபோக்குப் பூங்காக்காரங்க!

1934ல அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டுற வேலையை ஏத்துக்கிச்சு. மூடுபனியிலும் பனிப்புயல்லயும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத பசங்க வரிசையா விழுந்து செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ராணுவத்துக்கு லிங்க் ஞாபகம் வந்துச்சு. நியூவார்க்ல சந்திப்பு. அன்னைக்கு ஒரே பனி, இவர் வரமாட்டார்னு அதிகாரிகள் கிளம்பப் போறப்ப, லிங்க் கருவிகளைப் பார்த்தே ஓட்டிட்டு வந்து இறங்கினார். ஒண்ணு 3,500 டாலர்னு ஆறு வாங்கினாங்க. இரண்டாம் உலகப்போர் முடியறதுக்குள்ள ஐந்து லட்சத்துக்கும் மேல விமானிகள் அந்த நீலப் பெட்டிக்குள்ள பழகிட்டாங்க.

சரி, என் கதைக்கு வரேன். அதே 2019ல வேலை விஷயமா அமெரிக்கா போனப்ப, காசு கொடுத்து ஒரு மணி நேரம் செஸ்னா 172ல பறந்தேன். பக்கத்துல பயிற்சியாளர். பெடல், ஃப்ளாப்ஸ், வேகம் எல்லாம் கைக்கு வந்துடுச்சு. ஆனா கண்ணு கருவிகளை விட்டு நகரலை. மனுஷன் ஒரு நோட்டுத்தாளை எடுத்து முழுசா மூடிட்டு "வெளியே பாரு"ன்னார். லிங்க் மூடியைச் சாத்தி வெளியே தெரியாம பண்ணினார், இவர் உள்ளே தெரியாம பண்ணினார்! வெளியே பார்த்தேன். திரையில ஒருநாளும் வராத ஒண்ணு அப்பதான் வந்துச்சு: வயித்துல பயம்.

2020 ஆகஸ்ட் 18ல புதுசு வெளியாச்சு. ரெண்டு நாள் டவுன்லோட். உலகம் முழுக்கச் செயற்கைக்கோள் படம், எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் பறந்தாங்க. நான் நேரா சிகாகோ போனேன். ஏரிக்கரையில மெய்க்ஸ் இருந்த இடத்துல பச்சைப் பூங்காதான். 65 நாட்ல இறக்கினேன். முதல் தடவை துள்ளுச்சு, ரெண்டாவது தடவை கவுந்துச்சு. மூணாவது தடவைக்குள்ள தங்கமணி சாப்பிடக் கூப்பிட்டாங்க.