கிணற்றுக்கு எத்தனை அடி?

சென்ற கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து கலிபோர்னியா போயிருந்தோம். பிரெமொன்ற் நகரில் தங்கை குடும்பம் இருக்கிறது. எமது ஆறு வயது மகளுக்குக் கடலும் படகும் வேண்டும். எமக்கோ ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பொருத்தமாக ஏஞ்சல் தீவு அமைந்தது. தங்கை கட்டித் தந்த புளிச்சாதப் பொதியோடு திபுரோன் துறையில் படகேறினோம். பத்து நிமிடப் பயணம்தான். இறங்கியபின் மரநிழலில் நெடுந்தூரம் நடந்து, தீவின் வடகிழக்கு மூலையிலிருந்த மரக்கட்டடத்தை அடைந்தோம்.

1910 முதல் 1940 வரை இது குடிவரவு நிலையம். பசிபிக் கடல் கடந்து சன் பிரான்சிஸ்கோ வந்தவர்களில் ஐயத்துக்குரியவர்கள் என்று கருதப்பட்டோர் இங்கே அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் சீனர். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்திருந்தது. வணிகர், மாணவர், அமெரிக்கப் பிரசைகளின் பிள்ளைகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1906 ஏப்ரலில் நேர்ந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சன் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகளை எரித்தன. அதன்பின் பல சீனர் தாம் இந்நகரிலேயே பிறந்தவர்கள் என்றனர். மறுக்க ஆதாரம் இல்லை. அவர்களின் மக்களென்று கடதாசியில் மட்டும் உறவு கொண்ட இளைஞர்களும் வந்தனர். ‘கடதாசிப் பிள்ளைகள்’ என்று பெயர்.

உண்மைப் பிள்ளையையும் கடதாசிப் பிள்ளையையும் பிரித்தறிய அதிகாரிகள் கேள்விகளால் வலை பின்னினார்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடுகள்? வீட்டிலிருந்து கிணறு எவ்வளவு தூரம்? அரிசிப் பெட்டி எங்கே இருக்கும்? வாசலில் எத்தனை படிகள்? பிள்ளையின் பதிலையும் தகப்பனின் பதிலையும் ஒப்பிட்டார்கள். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் அபாயம். மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆண்களும் பெண்களும் வெவ்வேறாக அடைக்கப்பட்டதால் கணவனும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ள இயலாது.

இதை வாசித்துக்கொண்டு நின்றபோது எமது அகதி விசாரணை நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து இராணுவச் சோதனைச் சாவடி எவ்வளவு தூரம் என்று எங்களைத் தனித்தனியே கேட்டார்கள். ஒருவர் மைலில் சொன்னோம். மற்றவர் நடக்கும் நேரத்தில் சொன்னோம். ‘முரண்பாடு’ என்று குறித்துக்கொண்டார்கள். இருவரும் சொன்னது உண்மை. அதை விளங்கப்படுத்த மேலும் ஒன்றரை வருடம் சென்றது.

மகள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“சுவரிலை கீறினால் பேச மாட்டினமோ?”

“பேசினவை. பூசி மறைச்சும் பார்த்தவை.”

அடைபட்டவர்கள் செதுக்கிய சீனக் கவிதைகள் அவை. நிர்வாகம் அவற்றின்மேல் மக்கு அப்பி வர்ணம் பூசியது. 1940இல் நிர்வாகக் கட்டடம் எரிந்தபின் நிலையம் மூடப்பட்டது. பின்னர் இத்தீவு பூங்காவாயிற்று. கைவிடப்பட்ட கட்டடத்தை இடிக்கவும் திட்டமிட்டார்கள். 1970இல் அலெக்சாண்டர் வைஸ் என்னும் பூங்காக் காவலர் வர்ணத்தின் அடியில் எழுத்துகளைக் கண்டார். சீன அமெரிக்கர்கள் போராடிக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். இன்று இருநூறுக்கு மேற்பட்ட கவிதைகள் பதிவாகியுள்ளன.

எம்மவர் பக்கத்துக் கதையும் இங்கே உண்டு. இந்நிலையத்தின் வழியே சுமார் 8,000 தென்னாசியர் வந்தார்கள். 1915இல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய், மனைவி கலா, மூன்று ஆண்பிள்ளைகளுடன் வந்திறங்கினார். கையில் பணம் இருந்ததால் விரைவில் வெளியேற முடிந்தது. கலாவின் மூக்குத்தி பத்திரிகைச் செய்தியாயிற்று. பேர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு போனபோது, அயலவர்கள் அவ்வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏதும் நேருமென்று அஞ்சிக் கலா அங்கே குடியிருக்க மறுத்தார்.

1921இல் பகாய் அமெரிக்கப் பிரசையானார். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் சட்டம் கூறும் ‘வெள்ளையர்’ அல்லர், எனவே பிரசையாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த பிரசாவுரிமையைப் பறித்தார்கள். அந்நியர் நிலச் சட்டத்தால் சொத்தும் போயிற்று. இந்தியாவுக்குப் போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. பிரித்தானியக் கடவுச்சீட்டை அவர் ஏற்கவில்லை. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். கலா திரும்பிப் போகவில்லை. மூன்று பிள்ளைகளையும் இங்கேயே வளர்த்து ஆளாக்கினார். இந்தியர் பிரசையாகும் வழியை 1946ஆம் ஆண்டுச் சட்டம்தான் திறந்தது. கலா 1983இல் காலமானார். 2020இல் பேர்க்லி நகரசபை ஒரு வீதிக்கு அவர் பெயரைச் சூட்டியது.

அகதியாக வந்த எமக்குப் பிரசாவுரிமை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். பகாய்க்கும் அந்தக் கடதாசி கையில் இருந்தது.

திரும்பும் வழியில் அந்த வீதியில் நடந்தோம். ஆர் அந்தக் கலா என்று மகள் கேட்டாள். மூன்று பெடியளோடு கப்பலில் வந்த அம்மா என்றோம். மிச்சத்தைச் சொல்ல வயது வரட்டும்.

அன்றிரவு தங்கை வீட்டு மாடிப்படியில் அவள் உரக்க எண்ணிக்கொண்டு ஏறினாள். என்ன செய்கிறாய் என்று கேட்டோம்.

“ஆரும் கேட்டால் சொல்ல வேணுமெல்லோ.”

அவள் கணக்கில் 13. நாம் ஏறி எண்ணியபோது 14. கடைசிப் படியை அவள் மேல்தளமென்று விட்டிருந்தாள்.