ஜனவரி வெள்ளரிக்காய்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற நமக்கு மழைதான் கணக்கு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இலையுதிர்காலத் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பனிதான் கணக்கு. முதல் உறைபனி எப்போது விழும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, முட்டைக்கோஸ் நாற்றையும் டர்னிப் விதையையும் மண்ணில் வைக்க வேண்டும். விளைந்தால் மட்டும் போதாது. குளிர்காலம் முழுக்கக் கெடாமல் காப்பாற்றவும் வேண்டும்.

இந்தக் கணக்கின் வரலாற்றைத் தேடிப் போனால் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோவில்தான் போய் நிற்போம். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி 1766 முதல் 1824 வரை தோட்டக் குறிப்பேடு ஒன்றை எழுதிவந்தார். விதைத்தது என்றைக்கு, முளைத்தது என்றைக்கு, சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்றைக்கு, எல்லாம் அதில் உண்டு. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அது ஒழுங்காகப் பராமரித்த லாக் ஃபைல் மாதிரி இருந்தது. ஆனால் வேலை செய்த கைகள் அதில் எப்போதாவதுதான் தலைகாட்டுகின்றன.

ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். மலைச்சரிவை வெட்டி 1000 அடி நீளத்துக்கு அவர் அமைத்த காய்கறித் தோட்டம்கூட வாடகைக்கு எடுத்த அடிமைகளின் உழைப்புதான்.

நமக்கு உதவுவது இன்னொரு கணக்கு நோட்டு. அவருடைய பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப், 1805 முதல் 1808 வரை, வீட்டுக்கு வாங்கிய காய்கறி, கோழி, முட்டைக்கெல்லாம் கணக்கு எழுதினாள். எழுதத் தொடங்கியபோது அவளுக்குப் பதினான்கு வயதுதான். அவள் காசு கொடுத்தது யாருக்கு? அந்த வீட்டு அடிமைகளுக்கே! இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைத்த சொந்த நேரத்தில், குடிசையை ஒட்டிய துண்டு நிலத்தில் அவர்கள் விளைவித்ததை எஜமானர் வீடு விலைக்கு வாங்கியிருக்கிறது.

அந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் உருளைக்கிழங்கு. ஜனவரியில் வெள்ளரிக்காய்! வெள்ளரி ஒருவேளை ஊறுகாயாக இருந்திருக்கலாம். கிழங்குக்குத் தொல்லியலில் ஒரு தடயம் இருக்கிறது. அடிமைக் குடிசைகள் இருந்த இடத்தைத் தோண்டியபோது தரைக்கடியில் சேமிப்புக் குழிகள் கிடைத்தன. குளிர்ச்சியும் இருட்டுமான குழி கிழங்குக்கு நல்ல இடம். பனிக்கு முன் அறுத்து, பஞ்ச மாதத்தில் விற்கிற சாமர்த்தியம் அவர்களிடம் இருந்தது. அதை அவர்கள் எழுதி வைக்கவில்லை. வாங்கியவள் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

தலைமைத் தோட்டக்காரர் வர்ம்லி ஹியூஸும் அடிமைதான். 1826இல் ஜெஃபர்சனுக்குக் குழி வெட்டியவர் அவரே. பிறகு அவரைப் போக விட்டார்கள். ஆனால் ஜெஃபர்சன் விட்டுப்போன கடனை அடைக்க, 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. 130 அடிமைகள் விற்பனைக்கு என்று அதற்கு விளம்பரம் செய்திருந்தார்கள். விற்கப்பட்டவர்களில் ஹியூஸின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.