நிறத்தை நம்பிக் கோழி வாங்கலாமா? இராஜேந்திரநகர் தரும் விடை

ஐதராபாத் இராஜேந்திரநகரில் 1988ஆம் ஆண்டு கோழியினத் திட்ட இயக்ககம் தொடங்கப்பட்டது. 2013 முதல் அதன் பெயர் கோழியின ஆராய்ச்சி இயக்ககம். புறக்கடைக்கென அது உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இரு கோழிகளும் இந்தியச் சிற்றூர்களுக்குப் பரவலாகச் சென்றுள்ளன. முதன்முதலாகக் கோழி வளர்க்க முற்படும் ஒருவர் இவற்றைப் பார்த்தவுடன் நாட்டுக்கோழி என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணவைப்பது அவற்றின் பலநிற இறகு.

அந்த நிறம் திட்டமிட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. பண்ணைகளை நிறைத்த வெள்ளை லெகார்ன் கூண்டுக்கு ஏற்ற கோழி. திறந்தவெளியில் அதன் வெண்மை பருந்தின் கண்ணுக்கு எளிதில் புலப்படும். வண்ணக்கோழியோ மண்ணோடும் சருகோடும் ஒன்றிவிடும். வண்ணக்கோழியையும் அதன் பழுப்பு முட்டையையும் ஊர்மக்கள் விரும்பி வாங்குவதால் சந்தையில் நல்ல விலையும் கிடைக்கும்.

ஆனால் நிறம் இனத்தைக் காட்டாது. தெலுங்கு நிலத்தின் பெருமைக்குரிய அசில் கோழியே இதற்குச் சான்று. தூய வழிவந்தது என்னும் பொருளுடைய அரபுச்சொல் அதன் பெயராயிற்று. கருநிறத்தது காகர், வெண்ணிறத்தது நூரி, கருப்பும் சிவப்பும் கலந்தது யாகூப், பொன்சிவப்பானது பீலா. இத்தனை நிறத்திலும் இனம் ஒன்றே. அதை அறிய உதவுவன நிமிர்ந்த நிற்பு, நீண்ட கழுத்து, தலையோடு ஒட்டிய சிறு கொண்டை ஆகியவை.

இறகைவிட உறுதியான இன்னோர் அடையாளம் உண்டு: அடை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டபின் இடுவதை நிறுத்தி அடையில் அமரும். உடலில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் உயர்வதே அதற்குக் காரணம். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்தபின், அவற்றுக்கு இரைகாட்டிச் சில வாரங்கள் உடன் திரியும். அதனால் ஆண்டுக்கு அது தரும் முட்டைகள் சுமார் 50 அல்லது 60 மட்டுமே. வனராஜா புறக்கடையில் 100க்கு மேலும், கிராமப்பிரியா அதனினும் மிகுதியாகவும் இடும். அடைகாக்கும் இயல்பு தேர்வு முறையால் ஏறக்குறைய நீக்கப்பட்டமை இவ்வுயர்வுக்கு ஒரு முக்கியக் காரணம்.

முட்டைக் கணக்கில் வராத ஒன்று இங்கே மறைந்து நிற்கிறது. நாட்டுக்கோழி முட்டையிடாத நாள்களில் அடுத்த தலைமுறையை உருவாக்குகிறது. பஞ்சாரத்தில் ஒரு பெட்டையும் ஊரில் ஒரு சேவலும் இருந்தால், காசில்லாதவளின் வீட்டிலும் கோழிச்செல்வம் பெருகும். வனராஜா வளர்ப்பவரோ மந்தையைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் குஞ்சு பொரிப்பகத்தை நாடவேண்டும். அது கலப்பினம் என்பதால், அதன் முட்டையை வேறு கோழியின் அடையில் வைத்தாலும் பிறக்கும் குஞ்சு தாயின் திறனை முழுதாகப் பெறாது. தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் விளக்கின் வெப்பமும் அடைத்த கொட்டிலும் தேவை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய்க்கான தடுப்பூசியோ எந்த இனத்துக்கும் தவிர்க்கவியலாதது.

இதனால் இராஜேந்திரநகரின் பணி சிறுமைப்படாது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு முட்டை கிடைப்பதும் பெரும்பயனே. அந்த இயக்ககமே அசில் போன்ற நாட்டினங்களையும் பேணிவருகிறது. வளர்ப்பவருக்கு இரண்டும் தேவைப்படலாம் என்பதை அது உணர்த்துகிறது. ஆகவே புதிதாக வளர்ப்பவர் விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது நிறத்தையோ முட்டை எண்ணிக்கையையோ அன்று. "இந்தப் பெட்டை அடைக்கு உட்காருமா?" என்னும் வினாவையே. அதன் விடையைப் பொறுத்தே, அடுத்த ஆண்டுக்கான குஞ்சு வீட்டுப் பஞ்சாரத்திலிருந்து வருமா, விலைகொடுத்து வாங்கப்படுமா என்பது தெரியும்.