குறட்டையும் கெட்ட கனவும்: இரு நோய்கள் ஒன்றையொன்று கண்டுகொண்ட வரலாறு

1980ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயர் அதில்தான் முதன்முறையாக இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாளி ஒருவருக்கு மூக்கு வழியாக இரவெல்லாம் அழுத்தக் காற்றைச் செலுத்தி, மூச்சு நிற்காமல் உறங்க வைத்தார். ஸ்லீப் அப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடைக்கு இன்று உலகெங்கும் தரப்படும் சிபாப் கருவியின் தொடக்கம் அது. இரண்டு நோய்களுமே உறக்கத்தைக் குலைப்பவை. ஆனாலும் ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை மருத்துவம் கவனிக்க மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதத்துக்குக் கருவிகள் இல்லாமை காரணமல்ல. மூளை அலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதியும் ஆய்வகங்கள் 1970களிலேயே இருந்தன. தடையாக நின்றது, இரு துறைகளும் தத்தம் நோயாளிக்கு மனத்தில் வரைந்து வைத்திருந்த உருவம் என்பதே இக்கட்டுரையின் வாதம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறை, ஈழத்து உளநல எழுத்துகளில் வழங்கும் முறையில், இனி மனவடு என்றே சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

மூச்சுத்தடை நோயாளியின் உருவம் ஒரு நாவலிலிருந்து வந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் ஜோ என்றொரு பருத்த வேலைக்காரப் பையன் வருகிறான். நின்ற இடத்திலேயே தூங்கி வழிபவன். 1956இல் பர்வெல் குழுவினர் உடற்பருமனும் மூச்சுக் குறைவும் சேர்ந்த நோய்க்கு 'பிக்விக்கியன்' என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் விவரித்த நோயாளி ஒரு தொழில் நிறுவன அதிகாரி. சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கைக்கு வந்தும், ஆட்டத்தின் நடுவே தூங்கிவிட்டதால் அந்த அதிர்ஷ்டத்தைக் கோட்டைவிட்டவர். மருத்துவ இலக்கியத்தில் இப்படிச் சிரிக்க வைக்கும் இடங்கள் குறைவு. அதனாலேயே அந்த உருவம் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. பகலில் தூங்கி விழும் பருத்த ஆண் என்பதே மூச்சுத்தடையின் முகமாயிற்று.

1965இல் மார்செய் நகரில் காஸ்டோ குழுவினரும் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க்கில் யுங், கூலோ இருவரும் தனித்தனியே இந்நோயாளிகளின் உறக்கத்தைப் பதிந்தபோது, மூச்சு மறுபடி மறுபடி நின்று தொடங்குவது தெரியவந்தது. அன்றிருந்த உறுதியான தீர்வு கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய்க்கு நேர்வழி அமைப்பது ஒன்றே. அந்த அறுவைக்கு யாரை அனுப்புவார்கள்? உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைத்தான். ஆகவே ஆய்வகத்துக்கு வந்தவர்களும் பெரும்பாலும் முற்றிய நோயாளிகளே. ஸ்டான்ஃபோர்டில் கில்லமினோ தம் சக ஆய்வாளர்களுடன் 1976இல் இந்நோய்த் தொகுதியை வரையறுத்து, பருமன் இல்லாதவருக்கும் இது வரும் என்று காட்டிய பிறகும் பழைய உருவம் கலையவில்லை.

மனவடுவின் உருவம் இதற்கு நேரெதிர். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படபடக்கும் இதயத்தைப் பற்றி டா கோஸ்டா 1871இல் எழுதினார். 1915இல் சார்லஸ் மையர்ஸ் லான்செட் இதழில் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். 1941இல் ஆப்ரம் கார்டினர் போர் நரம்பு நோய்கள் குறித்து நூல் எழுதினார். 1952ஆம் ஆண்டுக் கையேட்டில் இருந்த 'கடும் அழுத்த எதிர்வினை' என்ற பிரிவு 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் காணாமற்போனது. அது போன காலமோ வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம். 1972இல் கைம் ஷாட்டன் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையும், போரிலிருந்து திரும்பியவர்கள் கூடிப் பேசிய குழுக்களும் தந்த அழுத்தத்தால் 1980இல் அது புதுப் பெயரோடு திரும்பியது. இந்த நூறாண்டு எழுத்தில் தென்படுபவர் உறங்க அஞ்சும் இளம் போர்வீரர். ஒருவர் தூங்கி வழிகிறார், மற்றவர் தூங்கவே மறுக்கிறார். இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

அறிகுறிகளோ ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. நள்ளிரவில் மூச்சு முட்டி எழுதல், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பகலில் எரிச்சல், கவனச் சிதறல் ஆகியவை இரண்டிலும் உண்டு. இரண்டுக்கும் முதல் சாட்சி பெரும்பாலும் மனைவியே. உறக்க மருத்துவர் அவரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்டார். மனநல மருத்துவர் அலறலைப் பற்றிக் கேட்டார். கேட்டதற்குத்தான் பதில் கிடைத்தது.

1989இல் ராஸ் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள் உறக்கக் கேடே மனவடுவின் தலையாய அடையாளம் என்று வாதிட்டார்கள். முக்கியமான நகர்வு அது. ஆனால் அவர்கள் பார்வை கனவு உறக்கத்தின் மீதே நின்றது, மூச்சின் பக்கம் திரும்பவில்லை. ஹைஃபாவில் பெரெட்ஸ் லாவியின் நிலை இன்னும் வியப்பானது. 1979இல் போர் அதிர்ச்சிக்குள்ளானவர்களின் உறக்கத்தைப் பற்றியும், 1983இல் இஸ்ரேலியத் தொழிலாளர்களிடையே மூச்சுத்தடையின் பரவலைப் பற்றியும் எழுதியவர் அவர். இரு துறையும் கைவந்த ஒருவரிடம்கூட அவை தனித்தனிக் கட்டுரைகளாகவே இருந்தன.

தடுப்புச்சுவர் உடைந்தது போர்வீரர்களிடம் அல்ல, பெண்களிடம். நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களின் கெட்ட கனவுகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார் பாரி கிராகோ. கனவின் கதையை விழித்திருக்கும்போதே மாற்றி மனத்தில் ஒத்திகை பார்க்கும் முறை அவருடையது. 168 பெண்களிடம் செய்த அந்தச் சோதனை 2001இல் வெளியாயிற்று. பலருக்குப் பலன் இருந்தும் சிலருக்கு உறக்கம் தேறவில்லை. அத்தகையோரின் மூச்சை அளந்தபோது கணிசமானவர்களிடம் தடை தெரிந்தது. மூச்சு முழுதாக நிற்காமல் மூச்சுப்பாதை இறுகுவதாலேயே உறக்கம் துண்டுபடும் என்று கில்லமினோ 1993இல் காட்டியிருந்தது இங்கே கைகொடுத்தது. இவர்கள் பிக்விக் கதைப் பையனும் அல்ல, வியட்நாம் சிப்பாயும் அல்ல. இரண்டு உருவங்களுக்கும் பொருந்தாதவர்களிடம்தான் இரண்டு நோய்களும் சேர்ந்து புலப்பட்டன. இதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

அதற்குச் சற்று முன், 1998இல், மூச்சுத்தடையும் மனவடுவும் சேர்ந்த வியட்நாம் வீரர் ஒருவருக்குச் சிபாப் தந்தபின் கெட்ட கனவுகள் குறைந்ததை யூவாக்கிம் முதலானோர் பதிந்திருந்தார்கள். ஒரே நோயாளியின் கதை அது. பெருந்தரவு 2005இல் வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நல மருத்துவ அமைப்பின் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஷரஃப்கானே குழுவினர் ஆராய்ந்தார்கள். மூச்சுத்தடை உள்ளோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கு மனவடு இருந்தது. மற்றவர்களில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஏன் இப்படி? கனவு உறக்கத்தில் உடல் தசைகள் தளர்வதால் தொண்டையும் எளிதில் அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்க, மூளை அட்ரினலினைச் சுரக்கவைத்து ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. அச்ச நினைவுகள் ஆறுவதற்கு வேண்டிய உறக்கம் இப்படித் துண்டாகிறது. மறுபக்கம், எப்போதும் விழிப்பு நிலையிலேயே இருக்கும் மூளை சிறு தடைக்கும் துள்ளி எழுவதால் மூச்சின் தாளம் மேலும் கெடுகிறது. உறக்கத்துக்காகக் குடிக்கும் மது தொண்டையைத் தளர்த்துகிறது. மன அழுத்தத்தோடு சேரும் எடை அதை நெருக்குகிறது. எது முதலில் என்ற கேள்விக்குப் பொதுவான ஒரே விடை இல்லை.

எண்களைப் படிக்கையில் எச்சரிக்கை தேவை. 2015இல் கால்வோனென் குழுவினர் சான் டியாகோவில் மனவடுச் சிகிச்சைக்கு வந்த 195 இளம் முன்னாள் வீரர்களிடம் வினாப்பட்டியல் தந்ததில் 69 விழுக்காட்டினர் மூச்சுத்தடை ஆபத்து மிகுந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் அவ்வினாப்பட்டியல் பகல் சோர்வையும் கேட்கிறது. மனவடு உள்ளவர் எப்படியும் சோர்ந்துதான் இருப்பார். அதோடு, சிகிச்சை தேடி வந்தவர்களிடம் எடுத்த விழுக்காட்டை வராதவர்கள் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. பணமும் இதில் கலந்திருக்கிறது. 1996 முதல் அமெரிக்க இழப்பீட்டு விதிப்படி, படைப்பணியோடு தொடர்புள்ள மூச்சுத்தடைக்குச் சிபாப் தேவைப்பட்டால் 50 விழுக்காடு ஊனம் என்று கணக்கு. மனவடுவின் விளைவாக மூச்சுத்தடை வந்தது என்று நிறுவினாலும் அது பொருந்தும். இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆய்வுக்கு இத்தனை ஊக்கம் பிறந்த இடம் எது என்பது இதனால் ஓரளவு புரியும்.

சிகிச்சையில்தான் கதை சிக்கலாகிறது. மிசிசிப்பியின் ஜாக்சனில் தமன்னா குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிபாப் தொடங்கியபின் வாரத்துக்குச் சராசரி 10ஆக இருந்த கெட்ட கனவுகள் 5ஆகக் குறைந்தன. கருவியை ஒழுங்காக அணிந்தவர்களுக்குக் கூடுதல் பலன். ஆனால் அணிவதே கடினம். முகத்தை இறுக்கும் வார், மூக்கை மூடும் முகமூடி, இருட்டில் இரையும் மோட்டார். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கும், வாய் பொத்தப்பட்டவருக்கும், காவல் நின்று ஒவ்வோர் ஒலிக்கும் காது கொடுத்தவருக்கும் இது மருந்தாகத் தெரியாது. வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2012இல் காட்டியபடி, மனவடு உள்ளவர்களில் கால்வாசிப் பேரே கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். மனவடு இல்லாதவர்களில் 58 விழுக்காட்டினர். மிக அதிகம் தேவைப்படுபவர்களிடமே மிகக் குறைவாகப் பயன்பட்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மீன்ஸ், எடிங்கர் இருவரும் 2007இல் விவரித்த படிப்படியான பழக்கம் எளிமையானது. பகலில் விழித்திருக்கும்போது முகமூடியைக் கையில் பிடித்துப் பார்ப்பது. பிறகு வார் கட்டாமல் முகத்தில் வைப்பது. அதன்பின் காற்றை ஓடவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பது. கடைசியில் அணிந்தபடி தூங்குவது. அச்சத்தைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளும் இம்முறை மனவடுச் சிகிச்சையாளருக்குப் புதிதல்ல. ஆனால் கருவியைக் கையில் கொடுத்து அனுப்புபவர் பெரும்பாலும் உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு 2008இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான 30 நாட்களில் 70 விழுக்காடு இரவுகளிலாவது நாலு மணி நேரம் கருவியை அணிந்திருக்க வேண்டும். இல்லையேல் கருவிக்குப் பணம் இல்லை. நாலு மணி, 70 விழுக்காடு என்ற அளவு 1993இல் கிரிப்ஸ் குழுவினர் 35 பொது நோயாளிகளின் பயன்பாட்டை அளக்கக் கையாண்டது. மனவடு உள்ளவருக்கு முகமூடி பழகவே அந்த மூன்று மாதம் போதாமல் போகலாம். தூங்கி வழியும் அந்தப் பழைய நோயாளியை மனத்தில் வைத்த அளவுகோல் இவர்களை ஒத்துழைக்காதவர்கள் என்று எழுதி வெளியே அனுப்புகிறது. மனவடு உறுதியான நோயாளிகளுக்கு இந்தக் காலக்கெடுவைத் தளர்த்தியே ஆகவேண்டும்; அவர்கள் அணியும் ஒரு மணி நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.