மருத்துவ மாநாட்டுப் பேச்சாளர் தெரிவு

மருத்துவ மாநாட்டுப் பேச்சாளர் தெரிவு என்பது, உடல்நலம் அல்லது மருத்துவம் தொடர்பான மாநாடு ஒன்றில் உரையாற்ற முன்மொழியப்படுபவரின் தகுதியையும், அவர் கூறவிருக்கும் கருத்துக்களின் அறிவியல் அடிப்படையையும் துறை வல்லுநர்கள் முன்கூட்டியே ஆராயும் முறை ஆகும். இப்பணியைப் பெரும்பாலும் மருத்துவர்கள், ஆய்வாளர்கள், பொதுநல வல்லுநர்கள் ஆகியோர் ஊதியம் பெறாமல் தன்னார்வலர்களாகச் செய்கின்றனர். ஆய்விதழ்களில் கட்டுரைகளுக்குச் செய்யப்படும் சக மதிப்பாய்வை இது ஒத்தது. மேடையில் கூறப்படும் ஒரு முடிவு நோயாளிகளுக்கு அளிக்கப்படும் சிகிச்சையை மாற்றக்கூடும் என்பதால் இத்தெரிவு முக்கியத்துவம் பெறுகின்றது.

தேவை

பேச்சுத்திறனைக் கொண்டு அறிவை அளவிட முடியாது என்பதற்கு டாக்டர் ஃபாக்சு விரிவுரை புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும். 1970 இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஆய்வாளர்கள், மைக்கேல் ஃபாக்சு என்ற நடிகரை மைரன் ஃபாக்சு என்னும் பெயரில் ஒரு வல்லுநராக அறிமுகப்படுத்தினர். மருத்துவர்களின் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டின் பயன்பாடு பற்றி அவர் உரையாற்றினார். அவ்வுரை முன்னுக்குப் பின் முரணான கூற்றுக்களும் பொருளற்ற புதுச்சொற்களும் நிறைந்ததாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருந்தது. எனினும், உளநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் அடங்கிய அவையினர் அதனைப் பாராட்டியே மதிப்பிட்டனர். இவ்வாய்வின் முடிவுகள் 1973 இல் வெளியாயின. உரையைக் கேட்கும் நேரத்தில் அதன் உண்மையை எடைபோடுவது வல்லுநர்களுக்கும் கடினம் என்பதை இது காட்டியது.

வழிமுறை

ஆய்வு முடிவுகளை முன்வைக்கும் மாநாடுகளில், விண்ணப்பிப்போர் முதலில் ஆய்வுச் சுருக்கம் ஒன்றை அனுப்புவர். பல மாநாடுகளில் ஆய்வாளரின் பெயரும் நிறுவனமும் மறைக்கப்பட்ட பின்னரே சுருக்கம் மதிப்பாய்வாளர்களிடம் தரப்படுகின்றது. புகழ்பெற்றவருக்குச் சலுகையும் புதியவருக்குப் பாதகமும் நேராதிருக்க இது உதவுகின்றது. ஒன்றுக்கு மேற்பட்டோர் தனித்தனியே புள்ளிகள் வழங்குவர். ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழுவின் தன்மை, முடிவுக்கும் தரவுக்கும் உள்ள பொருத்தம் ஆகியவை கருத்திற் கொள்ளப்படும்.

அழைப்பின் பேரில் உரையாற்றுவோர் விடயத்தில் பெயரை மறைக்க இயலாது. எனவே அவர்களுடைய முந்தைய வெளியீடுகளும், அவற்றைப் பிற ஆய்வாளர்கள் உறுதிசெய்துள்ளனரா என்பதும் ஆராயப்படுகின்றன. நல முரண்பாடும் கவனிக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவத் தொடர்கல்விக்கு ஏற்பளிக்கும் அமைப்பு 2020 இல் வெளியிட்ட நெறிகளின்படி, பேச்சாளர் கடந்த 24 மாதங்களில் மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் போன்றவற்றோடு கொண்டிருந்த நிதித் தொடர்புகளைத் தெரிவிக்க வேண்டும்.

டெட்மெட்

டெட் மாநாடு 1984 இல் தொடங்கியது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான ரிச்சர்ட் சோல் வர்மன், உடல்நலத்துக்கும் மருத்துவத்துக்கும் எனத் தனியாகத் தொடங்கிய மாநாடு டெட்மெட் ஆகும். 2009 இல் சான் டியேகோவில் இது புத்துயிர் பெற்றது. 2012 இல் வாசிங்டனில் உள்ள கென்னடி மையத்துக்கு மாற்றப்பட்டது. 2010களில் இம்மாநாடு பல்துறை வல்லுநர்களை ஆய்வறிஞர்கள் என்ற பெயரில் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டது. முன்மொழியப்பட்ட பேச்சாளர்களின் கருத்துக்கள் அறிவியல் முறையில் ஏற்கத்தக்கனவா என மதிப்பிடுவது இவர்களின் பணியாக இருந்தது.

டெட்டின் உரிமத்தின் கீழ் உள்ளூர்களில் நடத்தப்படும் டெட்எக்சு நிகழ்வுகளிலும் இச்சிக்கல் எழுந்தது. போலி அறிவியல் உரைகள் குறித்த விமரிசனங்களைத் தொடர்ந்து, 2012 திசம்பரில் டெட் நிறுவனம் அமைப்பாளர்களுக்கு ஒரு மடல் வெளியிட்டது. பேச்சாளரைச் சரிபார்ப்பது அமைப்பாளரின் பொறுப்பு என அம்மடல் வலியுறுத்தியது. தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்துதல், ரெய்கி போன்ற ஆற்றல் சிகிச்சைகள் முதலிய தலைப்புக்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை எனவும் குறிப்பிட்டது.

வரம்புகள்

மதிப்பாய்வாளர்கள் தமக்கு அளிக்கப்பட்ட தகவலையே ஆராய்கின்றனர். நோயாளிகளின் மூலப் பதிவேடுகள் பொதுவாக அவர்கள் பார்வைக்கு வருவதில்லை. இதனால் நேரும் தீங்குக்கு வெர்னர் பெசுவோடா நிகழ்வு சான்றாகும்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சுராண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புற்றுநோய் மருத்துவரான இவர், 1999 இல் அட்லாண்டாவில் நடைபெற்ற அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழக மாநாட்டில் உரையாற்றினார். மார்பகப் புற்றுநோய்க்கு உயர் அளவு வேதிச்சிகிச்சையும் குருத்தணு மாற்றும் வழக்கமான சிகிச்சையினும் சிறந்தவை என அறிவித்தார். அதே மாநாட்டில் முன்வைக்கப்பட்ட பிற ஆய்வுகள் தெளிவான பயன் எதையும் காட்டவில்லை. உயிராபத்து உடைய இச்சிகிச்சையை ஏற்கனவே ஆயிரக்கணக்கான பெண்கள் பெற்றிருந்தமையால், அவருடைய முடிவு பெரும் கவனத்தைப் பெற்றது.

அம்முடிவைத் தொடர்ந்து ஆராயும் நோக்குடன் 2000 சனவரியில் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று சோகானசுபர்க்குக்குச் சென்றது. குழுவுக்குக் காட்டப்பட்ட சில பதிவேடுகளும் உயர் அளவுச் சிகிச்சை பெற்றோருடையனவாகவே இருந்தன. மாநாட்டில் கூறப்பட்ட தரவுகளோடு அவை பொருந்தவில்லை. நோயாளிகள் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவங்களும் காணப்படவில்லை. பெசுவோடா தவறான தகவல் அளித்ததை ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

எனவே, மாநாட்டு மேடை கிடைத்தமையே ஒரு முடிவு மெய்ப்பிக்கப்பட்டதற்குச் சான்று ஆகாது. முன்தெரிவு ஆதாரமற்ற உரைகளை வடிகட்ட உதவுகின்றது. தரவுகளே பொய்யாக இருப்பின், மூலப் பதிவேடுகளின் தணிக்கையும் பிற ஆய்வாளர்களின் மறு ஆய்வுமே அதனை வெளிப்படுத்த வல்லன.